குடும்பத் தலைவரின் எண்

தணிகைவேல் எழுந்து பாயைச் சுருட்டி வைத்தான். பால் பாக்கெட்டை வெட்டிப் பாத்திரத்தில் ஊற்றினான். பால் பொங்குவதற்குள் பல் துலக்கினான். கடை மாவில் மூன்று தோசை சுட்டான். இரண்டைத் தின்றான். மூன்றாவதைப் பால்கனிச் சுவரில் காக்கைக்கு வைத்தான். குளித்தான். முந்தின நாள் சட்டையை முகர்ந்து பார்த்து அதையே மறுபடி போட்டுக்கொண்டான். மின்சார ரயிலில் கதவோரம் நின்றான். அலுவலக வாசலில் விரலை வைத்தான். நேரத்துக்கு வந்ததற்கு நன்றி என்றது கருவி.

மனைவி ஜெசிந்தா இறந்து எட்டு மாதமாகியிருந்தது. எல்லா நாளும் இப்படித்தான் தொடங்கியது.

அவன் பிரிவு அலுவலர். வளரிளம் பருவ நலத் திட்டம் அவன் பிரிவில் இருந்தது. அரசுப் பள்ளிகளில் பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகள் எல்லோருக்கும் மேல்கையில் காசளவுக்கு ஓர் ஒட்டு. தோலுக்கடியில் ஊறும் நீரைப் படித்து ரத்தசோகை, சர்க்கரை, தைராய்டு, தொற்று, கரு என எதுவானாலும் சொல்லிவிடும். பிள்ளைகள் அதைக் கைப்பொட்டு என்றார்கள். ஏதாவது தட்டுப்பட்டால் பொட்டு ஆரஞ்சு நிறமாகும். மறுநாள் இன்னொரு முறை சரிபார்த்துவிட்டு, குடும்ப அட்டையில் பதிந்திருக்கும் கைபேசி எண்ணுக்குத் தானாகச் செய்தி போகும். வீட்டிலிருந்து சம்மதம் வந்ததும் பள்ளிக்கு வரும் செவிலியர் மருந்து கொடுப்பார். முதலில் மூன்று மாவட்டங்களில் தொடங்கியிருந்தார்கள். நல்ல திட்டம்தான். வகுப்பில் மயங்கி விழுகிற பெண்பிள்ளைகள் குறைந்திருந்தார்கள்.

உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகளை இயந்திரமே பேசித் தீர்த்துவிடும். அதற்குப் புரியாதது மட்டும் பிரிவுக்கு வரும். பெரும்பாலும் சார்ஜர் எங்கே என்று கேட்பார்கள். ஒட்டுக்குச் சார்ஜர் கிடையாது.

அன்றைக்கு வந்த அழைப்பு அப்படியில்லை.

"மெசினா, ஆளா?" என்றது ஒரு பெண்பிள்ளைக் குரல்.

"ஆள்தான். சொல்லும்மா."

"இதுக்கு முன்னாடி பேசுனதும் ஆளுன்னுதான் சொல்லிச்சு."

தணிகைவேல் இருமிக் காட்டினான். எதிர்முனையில் சிரிப்புச் சத்தம். பின்னால் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"எம் பேரு காளீஸ்வரி, சார். பத்தாப்பு. எனக்குப் பொட்டு ஆரஞ்சாயிருச்சு."

"சிஸ்டரைப் பாத்தியா?"

"பாத்தேன். ஸ்டெல்லா சிஸ்டர் போன்லருந்துதான் பேசுதேன். ஒண்ணுக்க அடக்கி அடக்கி வந்துருக்கும்னாக. எங்க பள்ளிக்கூடத்துக் கக்கூஸ்ல தண்ணி வராது சார். காலையில வீட்டுல போனா மறுபடி சாயந்திரம் வீட்டுலதான். அதுக்குப் பயந்து நாங்க தண்ணியே குடிக்க மாட்டோம். மூணு நாளு மாத்திரை போட்டாச் சரியாயிரும்னாக. ஆனா வீட்டுலருந்து சரின்னு வந்தாத்தான் குடுப்பாகளாம்."

"நாளைக்குக் காலைல பத்து மணிக்குச் செய்தி போயிடும். அவங்க சரின்னு சொன்னதும் மாத்திரை கிடைச்சிடும். பயப்படாத."

"மெசேஜுல என்னன்னு வரும் சார்?"

அவன் திரையில் அந்தப் படிவத்தைத் திறந்து வாசித்தான். "தங்கள் குடும்ப உறுப்பினர் செல்வி காளீஸ்வரி என்பவருக்கு நடத்தைசார் தொற்று..."

நிறுத்திக்கொண்டான்.

"நடத்தைசார்னா என்ன சார்?" என்றாள் அவள். குரலில் இப்போது சிரிப்பில்லை.

அந்தச் சொல் பிறந்த கூட்டத்தில் அவனும் இருந்தான். மருத்துவர்கள் எழுதிக் கொடுத்த வரைவில் பிறப்புறுப்பு, சிறுநீர்ப்பாதைத் தொற்று என்றுதான் இருந்தது. பிறப்புறுப்பு என்ற சொல் அரசாணையில் வரலாமா என்று ஒருவர் கேட்டார். சட்டமன்றத்தில் அமைச்சர் அதை வாய்விட்டு வாசிக்க வேண்டியிருக்குமே என்றார் இன்னொருவர். தேநீர் வந்து ஆறிப்போகும்வரை பேசினார்கள். கடைசியில் யாரோ நடத்தைசார் என்று போடலாம் என்றார்கள். கௌரவமாக இருக்கிறது என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள். இடுப்புக்குக் கீழே வருகிற எல்லாத் தொற்றும் அந்த ஒரு பெயருக்குள் போனது. செய்தி யாருக்குப் போகும் என்ற பத்தியை அன்றைக்கு யாரும் வாசிக்கவில்லை.

அதை எழுதியவன் தணிகைவேல்தான். எழுதினான் என்றுகூடச் சொல்ல முடியாது. புது ஆணை வேண்டுமென்றால் பழைய ஆணை ஒன்றைப் பிரதியெடுத்துப் பெயரையும் தேதியையும் மாற்றுவது அலுவலக வழக்கம். அந்தப் பத்தி பொங்கல் பரிசுத் தொகுப்பு ஆணையிலிருந்து வந்தது. கரும்பும் வெல்லமும் வந்திருப்பதைக் குடும்பத் தலைவருக்குத் தெரிவிக்கிற பத்தி. ஜெசிந்தா இறந்த அடுத்த மாதம் அது. எதைப் பிரதியெடுத்தோம் என்பதே அவனுக்கு நினைவில்லை.

"அது சும்மா ஒரு பேருதாம்மா," என்றான்.

"எங்க பெரியப்பாவுக்குச் சும்மாவா இருக்காது சார். கார்டுல அவுக நம்பர்தான் இருக்கு. கார்டு போட்டப்ப அப்பாகிட்ட போனு இல்ல. இப்ப அப்பா திருப்பூர்ல மில்லுல இருக்காக."

"நம்பரை மாத்திடலாமே. அப்பா நம்பரைச் சொல்லு. பழைய நம்பருக்கு ஒரு ஓடிபி வரும், அதைக் கேட்டுச் சொன்னா..."

அவனே பாதியில் நின்றுவிட்டான்.

"பெரியப்பாகிட்ட போயிக் கேக்கவா?" என்றாள் காளீஸ்வரி. "பெரியப்பா, என்னையப் பத்தி உங்களுக்கு ஒரு மெசேஜ் வரப்போவுது. அத வரவிடாமப் பண்ணணும், அந்த நம்பரக் கொஞ்சம் சொல்லுங்கன்னு?"

"அம்மா?"

"அம்மா அவுக முன்னால வாயத் தொறக்காது."

"பெரியப்பா என்னம்மா செய்வாரு? திட்டுவாரா?"

மணியடித்தது. பிள்ளைகளின் சத்தம் அடங்கியது. அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"சுகந்தி அக்கா அவுக மகதான் சார். போன வருசம் யாரோடவோ பேசுனான்னு சொல்லி... பெறகு கெணத்துல விழுந்துட்டா. தண்ணி எறைக்கப் போனான்னு சொன்னாக. அந்தக் கெணத்துல தண்ணியே கெடையாது."

தணிகைவேல் நாற்காலியிலிருந்து எழுந்திருந்தான். எப்போது எழுந்தான் என்று தெரியவில்லை.

"இந்த போன்லயே சாயங்காலம் பேசுறேன்," என்றான். "வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி பேசுறேன். நீ கிளாஸுக்குப் போ."

துணைச் செயலாளர் மரகதம் அறையில் கோப்புகளோடு இருவர் நின்றிருந்தார்கள். அவர்கள் போகும்வரை காத்திருந்து, எல்லாவற்றையும் சொன்னான். அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஒரு பொண்ணுக்கு மட்டும் எப்படி நிறுத்துறது, தணிகை? ஆணையில அதுக்கு இடமில்லையே."

"திருத்தம் போடலாம் மேடம். டெஸ்ட் முடிவு பிள்ளைக்கும் நர்ஸுக்கும் மட்டும் போகட்டும். மாத்திரைக்கு வீட்டுச் சம்மதம் வேணாம்னு ஒரு வரி."

"அந்த ஒரு வரி சட்டத்துறைக்குப் போகணும். அங்கேருந்து அமைச்சருக்கு. அவரு எங்க இருக்காருன்னு அவரோட பி.ஏ.வுக்கே தெரியாது. எல்லாத்தையும் விடு, பெத்தவங்களுக்குத் தெரியாம பொம்பளப் புள்ளைங்களுக்கு மாத்திரை குடுக்குது அரசாங்கம்னு நாளைக்கு எவனாவது மைக்கைப் பிடிச்சா யாரு பதில் சொல்றது? திட்டத்தையே மூடிடுவாங்க. அந்த ரத்தசோகைப் பிள்ளைங்க எல்லாம் மறுபடி மயங்கி விழணும். பரவாயில்லையா?"

"இந்தப் பிள்ளை செத்துடும் மேடம்."

"அப்படி நடக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"எனக்கும் ரெண்டு பொண்ணுங்கதான்யா. அவங்க கையிலயும் ஒட்டச் சொல்லியிருந்தா நான் அந்தப் பத்தியைப் படிச்சிருப்பேன்." ஒரு வெள்ளைத் தாளை அவன் பக்கம் தள்ளினாள். "குறிப்பு எழுதிக் கொண்டா. அவசரம்னு போடு. கையெழுத்துப் போடறேன். நாளைக்குள்ள எதுவும் நடக்காது, அதையும் சொல்லிடறேன்."

அவன் குறிப்பை எழுதினான். அவள் கையெழுத்துப் போட்டாள். கோப்பு சட்டத்துறைக்குப் போய் நின்றது.

திருப்பூருக்குப் பேசினான். எண்ணைப் பள்ளியில் வாங்கியிருந்தான். தறிச் சத்தத்துக்கு நடுவே காளீஸ்வரியின் அப்பா கத்தினார். மகளுக்கு உடம்பு சரியில்லை, ஊருக்குப் போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டான். "அண்ணன் இருக்காக சார், அவுக பாத்துக்குவாக. அவுககிட்டயே சொல்லிருங்க," என்றார். அதற்குமேல் எதைச் சொன்னாலும் அது அண்ணன் காதுக்குத்தான் போகும். வைத்துவிட்டான்.

மாவட்டத்தில் பிள்ளைகள் பாதுகாப்பைப் பார்க்கிற பிரிவுக்குப் பேசினான். "சம்பவம் நடந்திருக்கா சார்?" என்று கேட்டார்கள். இன்னும் இல்லை என்றான். "நடந்ததும் கூப்பிடுங்க, உடனே வந்துடறோம்."

ஸ்டெல்லா சிஸ்டருக்குப் பேசினான்.

"மாத்திரை என் பையிலதான் இருக்கு," என்றாள் அவள். "எடுத்துக் குடுத்தா ஸ்டாக்குல ஒண்ணு குறையும். கம்ப்யூட்டரு யாருக்குன்னு கேக்கும். அவ பேரப் போட்டா சம்மதம் எங்கன்னு கேக்கும். ரெண்டு பள்ளிக்கூடத்துல இதுக்காக மெமோ வாங்கிட்டேன் சார்."

"இன்னிக்கு உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக முடியுமா?"

"கடத்திட்டுப் போயிட்டேன்னு அந்தாளே கேஸ் குடுப்பாரு. ஊரே அவரு பின்னால வரும்." கொஞ்சம் பொறுத்து, "நீங்கதான சார் அங்க ஒக்காந்து எழுதுறீக," என்றாள்.

கடைசியாக ஃபைசல் இருந்தான். செய்திகளை அனுப்பும் கணினிகளைப் பார்த்துக்கொள்ள ஒப்பந்தத்தில் வந்த பையன். அடித்தளத்தில், குளிருக்கு மஃப்ளர் சுற்றிக்கொண்டு பரோட்டா தின்றுகொண்டிருந்தான்.

"ஒரே ஒரு செய்தியை நிறுத்தணும், ஃபைசல்."

"நிறுத்துற பொத்தானே வைக்கலைண்ணா. நிறுத்த முடிஞ்சா காசு வாங்கிட்டு நிறுத்துவாங்கன்னு உங்காளுங்கதான் வேணாம்னாங்க."

"வேற வழி?"

ஃபைசல் விரலை நக்கிவிட்டு யோசித்தான். "பள்ளிக்கூட ரோல்ல இல்லாத பிள்ளைக்குப் போகாது. ஒரு தடவை வரிசையை விட்டுப் போன செய்தி மறுபடி வராது. ஆனா பேரை எடுக்கறதுக்கு ரெண்டே காரணம்தான் இருக்கு. ஒண்ணு, வேற பள்ளிக்கு மாறுனா. அதுக்குப் பெத்தவங்க ஓடிபி வேணும்."

"இன்னொண்ணு?"

"செத்துப்போனா. அதுக்கு யாரையும் கேக்காது. பிரிவு அலுவலர் கைரேகை போதும்."

தணிகைவேல் தன் விரலைப் பார்த்தான்.

"ரெண்டு நாள் கழிச்சு, தப்பா ஏறிடுச்சுன்னு திருப்பி எடுத்துடலாம்ல?"

"எடுக்கலாம்னுதான் நினைக்கறேன். இதுவரைக்கும் யாரும் எடுத்ததில்லைண்ணா."

தணிகைவேல் தன் இருக்கைக்குப் போய் அவள் பெயரைத் தேடி எடுத்தான். ஒட்டும்போது எடுத்த படம் இருந்தது. இரட்டைச் சடை. மேல்கையை ஏதோ பரிசு வாங்கியதுபோலத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். நிலை என்ற இடத்தில் இறப்பு என்று தேர்ந்தெடுத்தான். விரலை வைத்தான். அவள் பெயர் சாம்பல் நிறமானது. காலையில் போகவிருந்த செய்திகளின் வரிசையிலிருந்து அவளுடையது மறைந்தது. மறுபடி மறுபடி தேடிப் பார்த்தான். இல்லை.

பள்ளி விடும் நேரத்தில் ஸ்டெல்லாவின் போனுக்குப் பேசி, இனி பயமில்லை என்று அந்தப் பெண்ணிடம் சொன்னான். வீட்டுக்குத் திரும்பும்போது ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. உட்கார்ந்தான்.

மறுநாள் அலுவலகத்தில் கணினியைத் திறந்ததும் திரையில் ஒரு பச்சைப் பட்டை இருந்தது. காளீஸ்வரியின் இறப்பு குடும்பத் தலைவரால் உறுதி செய்யப்பட்டது. குடும்ப அட்டையிலிருந்து பெயர் நீக்கப்பட்டது.

அவனுக்குப் புரியவில்லை. படிக்கட்டில் ஓடி இறங்கினான். ஃபைசல் மஃப்ளரை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு தேடினான்.

"இது வேற துறைண்ணா. குடும்ப அட்டைக்காரங்களோடது. பள்ளியில ஒருத்தர் செத்தா அவங்களுக்குத் தகவல் போகும் போல. அவங்க வீட்டுக்கு இரங்கல் செய்தி அனுப்பி உறுதி பண்ணச் சொல்லுவாங்க. இது இருக்கறது எனக்குத் தெரியாது, சத்தியமா தெரியாதுண்ணா."

"எந்த நம்பருக்கு?"

ஃபைசல் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. செய்தியைத் திறந்து காட்டினான். தங்கள் குடும்ப உறுப்பினர் செல்வி காளீஸ்வரி மறைந்ததற்கு அரசு தனது ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறது. காரணம்: நடத்தைசார் தொற்று. சரி எனில் ஒன்றை அழுத்தவும். தவறு எனில் இரண்டை அழுத்தவும்.

"காரணத்தை நான் போடலையே!"

"காலியா விட்டா கடைசி டெஸ்ட் முடிவை அதுவே எடுத்துக்கும்."

செய்தி மாலையில் போயிருந்தது. அப்போது அவள் வீட்டில்தான் இருந்திருப்பாள். உயிரோடு, அந்த மனிதரின் கண்ணெதிரில். பதில் உடனே வரவில்லை. இரவு முழுக்க வரவில்லை. விடியும் நேரத்தில் அவர் ஒன்றை அழுத்தியிருந்தார்.

ஸ்டெல்லாவுக்குப் பேசினான். பிள்ளை பள்ளிக்கு வரவில்லை என்றாள். காளீஸ்வரியின் வீட்டுத் தெருவரைக்கும் போய்விட்டு வந்து, அழுதுகொண்டே கூப்பிட்டாள். கதவு பூட்டியிருக்கிறது. அக்கம்பக்கத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. பிள்ளையைத் திருப்பூருக்கு அனுப்பிவிட்டோம் என்று பெரியப்பா பள்ளிக்குப் போனில் சொன்னாராம். திருப்பூருக்குப் பேசினான். வரவில்லை என்றார் அப்பா. அண்ணன் எங்காவது சொந்தக்காரர் வீட்டில் விட்டிருப்பார் என்றார். அப்புறம் போனை எடுக்கவில்லை.

காவல் நிலையத்தில் எழுத்தர் பொறுமையானவர். பெயரைக் கேட்டுத் தட்டிப் பார்த்தார்.

"சார், இந்தப் பொண்ணு இறந்துட்டதா இருக்கே. உங்க துறைதான் ஏத்தியிருக்கு. வீட்டுலயும் உறுதி பண்ணியிருக்காங்க."

"அது நான் போட்டது. பொய். அவளைக் காப்பாத்தறதுக்காகப் போட்டேன்."

"செத்த பிள்ளையக் காணோம்னு நான் எப்படி சார் புகார் எடுக்கிறது? மொதல்ல உயிரோட இருக்குன்னு மாத்திட்டு வாங்க."

அவன் மாற்றப் போனான். கணினி எல்லாவற்றையும் நிதானமாகக் கேட்டுக்கொண்டது. கடைசியில், நீக்கப்பட்ட உறுப்பினரை மீண்டும் சேர்க்கக் குடும்பத் தலைவரின் எண்ணுக்கு ஓர் ஓடிபி அனுப்பப்பட்டுள்ளது என்றது. கட்டங்கள் காலியாக மின்னின. சாயங்காலம்வரை அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். மறுபடி அனுப்பு, மறுபடி அனுப்பு என்று அழுத்தினான். அந்தப் போன் எங்கோ ஒரு சட்டைப்பையில் ஒவ்வொரு முறையும் ஒலித்திருக்கும்.

கிணற்றில் தேடச் சொல்லி ஆட்சியருக்கு எழுதினான். தேடினார்கள். எதுவும் இல்லை. ஊரில் அந்த ஒரு கிணறுதானா என்று யாரும் கேட்கவில்லை.

குழு கூடியது. இந்த முறை தேநீர் ஆறவில்லை. நடத்தைசார் என்ற சொல்லை நீக்கி, ஏழாம் வகைத் தொற்று என்று போட முடிவாயிற்று. செய்தி போகும் எண்ணை மாற்ற மூன்று துறைகள் சேர்ந்து உட்கார வேண்டும், அது அடுத்த கட்டத்தில் என்றார்கள். மரகதம் எதிர்த்துப் பேசினாள். அவன் கேட்ட ஒரு வரியையே அவளும் கேட்டாள். அவள் பேசியது கூட்டக் குறிப்பில் வரவில்லை. தணிகைவேல் தற்காலிகப் பணிநீக்கத்தில், கூட்டத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

விசாரணை அதிகாரி வயதில் சின்னவர். மரியாதையாகக் கேட்டார். திட்டத்தில் பங்குபெற்ற மாணவி கடைசியாகத் துறையோடு பேசியபோது மனநிலை எப்படி இருந்தது என்று எழுத வேண்டுமாம்.

"நன்றி சொன்னாங்கன்னு போட்டுக்கவா சார்?" என்றார். "பின்னாடி யாராவது படிச்சாலும் ஒரு ஆறுதலா இருக்கும்."

"அவ நன்றி சொல்லலை," என்றான் தணிகைவேல்.

"அப்ப என்ன சொன்னாங்க?"

சொன்னான். அதிகாரி பேனாவை மூடிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அறிக்கையில் நன்றி தெரிவித்தார் என்றுதான் இருக்கிறது.

அவள் பெயர் சாம்பல் நிறமான அன்றைக்குச் சாயங்காலம் ஸ்டெல்லா போனைக் காளீஸ்வரி கையில் கொடுத்தபோது, பின்னால் பஸ் உறுமிக்கொண்டிருந்தது. செய்தி போகாது என்று சொன்னான். நெசமாவா, நெசமாவா என்று இரண்டு முறை கேட்டாள். எப்படி செஞ்சீக என்றாள். பள்ளிக்கூடக் கணக்குல உன் பேரை எடுத்துட்டேன், ரெண்டு நாள்ல திரும்பப் போட்டுடறேன் என்றான். செத்ததாகப் போட்டேன் என்று சொல்லவில்லை. அவள் சற்று யோசித்தாள். பஸ்ஸிலிருந்து யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். வாரேன் இருடி என்று அந்தப் பக்கம் திரும்பிக் கத்தினாள். பிறகு அவனிடம் ஒன்று கேட்டாள். தணிகைவேல் வாய்விட்டுச் சிரித்தான். எட்டு மாதத்தில் அதுதான் முதல் முறை. சிரித்து முடித்துப் பதில் சொல்வதற்குள் போன் ஸ்டெல்லாவிடம் போய்விட்டது, பஸ் கிளம்பிவிட்டது.

"அப்ப நாளைக்கு சத்துணவுல எனக்கு முட்டை குடுக்க மாட்டாகளே, சார்?"